பல் பிடுங்கும் கருவி: குறடா, கொடிறா?

அல்சூரிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். பெங்களூரிலுள்ள எங்கள் பல் மருத்துவமனையில் உதவியாளர்களாகப் பயிலும் பெண்கள் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் என்பதால், கருவிகளின் பெயர்ப் பட்டியலைத் தமிழில் அச்சிட முடிவு செய்துள்ளோம். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எலும்புக்கும் வேருக்கும் நடுவில் நுழைந்து பல்லை அசைத்துக் கொடுக்கும் எலிவேட்டரை ‘நெம்பி’ என்றும், அதன் பிறகு பல்லைப் பற்றி எடுக்கும் ஃபோர்செப்ஸைக் ‘குறடு’ என்றும் எழுதியிருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.

ஜெயநகரிலிருந்து:
நெம்பி நன்று. குறடு என்றால் ஆணி பிடுங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர் காதில் அது விழ வேண்டுமா? ‘கொடிறு’ என்னும் பழஞ்சொல் இருக்கிறதே. திருவாசகத்தில் ‘கொடிறும் பேதையும் கொண்டது விடாதென’ என்னுமிடத்தில் அது பற்றுக்குறடு. ‘கொடிறுடைக்கும் கூன்கையர்’ என்னும் குறளிலோ (1077) அதுவே கன்னம். கருவிக்கும் அது வேலை செய்யும் இடத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் என்று என்னால் நம்ப இயலவில்லை. தாடை திறந்து மூடுவதைப் பார்த்தே நம் முன்னோர் கருவிக்கு அப்பெயரை இட்டிருக்க வேண்டும். மலையாளத்தில் ‘கொடில்’ இன்றும் வழங்குகிறது.

மல்லேஸ்வரத்திலிருந்து:
ஐயா, ஆராய்ச்சி சுவையானது. ஆனால் தட்டில் கிடப்பவற்றுள் எதை எடுத்து நீட்டுவது என்பதுதான் அந்தப் பெண்களின் கவலை. மேல் கடைவாய்ப் பல்லுக்கு வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனிக் குறடு உண்டு. ஏனெனில் கன்னப்புறத்து இரு வேர்களுக்கிடையே அமரும் கூர்முனை ஓர் அலகில் மட்டுமே இருக்கும். கீழ்ப்பல் குறட்டின் அலகோ கைப்பிடிக்குச் செங்குத்தாக வளைந்திருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியுமிடத்தில் இரு கூர்களும் நுழையும் கருவி மாட்டுக்கொம்புக் குறடு. ‘மாட்டுக்கொம்புக் கொடிறு’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்! எனக்குள்ள ஐயம் வேறு. லக்சேட்டரையும் நெம்பி என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிடாதீர்கள். அதன் மெல்லிய கூரலகு வேரைச் சுற்றிய இணைப்பு நாரை அறுக்க ஏற்பட்டது. நெம்பினால் அலகு கெடும். பெயரை நம்பி யாரேனும் நெம்பிவிடுவார்கள். ‘நார்வெட்டி’ எனலாமா?

ஜெயநகரிலிருந்து:
நார்வெட்டி என்றால் கயிற்றுக்கடை நினைவு வருகிறது.

அல்சூரிலிருந்து:
நேரம் கடந்துவிட்டது. பெரும்பான்மையோர் விருப்பப்படி குறடும் நெம்பியும் அச்சுக்குப் போகின்றன. லக்சேட்டர் அப்படியே இருக்கட்டும். ‘நெம்பக் கூடாது’ என்று அதனருகே தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். கொடிறு அடைப்புக்குறிக்குள் இடம்பெறும்.

ஜெயநகரிலிருந்து:
அடைப்புக்குறிக்குள் போன சொல்லை எவரும் வாசிப்பதில்லை என்பதால், அதை எடுத்தே விடுங்கள். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். நோயாளியின் காதுபடக் ‘குறட்டை எடு’ என்று கேட்க வேண்டாமென மருத்துவர்களிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.