நட்சத்திரத்தைத் தடுப்பதா, மற்ற நால்வரைத் தடுப்பதா?

சனிக்கிழமை, 5 ஏப்ரல் 2025

கொலம்பியா அக்கா: நேற்று இரவு டாம்பாவில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் டெக்சஸ் அணியை 74-57 என்று வென்றதைப் பார்த்த பிறகும், எங்கள் சவுத் கரோலைனா அணியின் தடுப்பாட்டம் இந்த ஆண்டு தளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வீர்களா? சித்தப்பா, நீங்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்டின் சித்தப்பா: சொல்கிறேன் அம்மா, தப்பித்து ஓடவில்லை. லீகில் எங்கள் டெக்சஸும் உங்கள் சவுத் கரோலைனாவும் 15 வெற்றி, ஒரு தோல்வி என்று சமமாக முடித்ததால், முதலிடம் யாருக்கு என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அது உங்கள் பக்கம் விழுந்தபோது எனக்கு வந்த எரிச்சல் இந்தக் குழுவில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் இந்தப் பருவத்தில் நாம் மோதிய நான்கு ஆட்டங்களையும் எடுத்துப் பார்த்தால், பிப்ரவரியில் ஆஸ்டினில் நாங்கள் 66-62 என்று ஜெயித்த ஒன்றைத் தவிர மற்ற மூன்றிலும் எங்களை 50, 45, 57 என்று நிறுத்திவிட்டீர்கள். இதற்கு மேல் நான் வழக்காட முடியாது.

ஹார்ட்ஃபர்ட் மாமா: மச்சான் இவ்வளவு சீக்கிரம் சரணடைவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மருமகளே, டெக்சஸ் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலை அதிகம் நம்பாத அணி. அவர்கள் கூடைக்கு அருகே புகுந்துதான் புள்ளி சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட அணிக்கு எதிராகக் கூடையைச் சுற்றிக் கூட்டமாக நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். நாளை இறுதியில் எதிரே நிற்கப்போவது எங்கள் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியான யூகான். பிப்ரவரி 16 அன்று உங்கள் அரங்கிலேயே 87-58 என்று வென்று, உள்ளூரில் 71 ஆட்டங்களாகத் தொடர்ந்த உங்கள் வெற்றி வரிசையை முடித்துவைத்த அதே யூகான்.

கொலம்பியா அக்கா: அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவள் நான், மாமா. அதனால்தான் சொல்கிறேன், அன்று தவறியது உழைப்பு அல்ல, கவனம் போன திசை. யூகானின் நட்சத்திரம் பேஜ் பெக்கர்ஸ் பந்தோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கமாக ஒரு காலடி சாய்ந்தார்கள்; அந்த ஒரு காலடி இடம் அவருடைய அணித்தோழி அஸி ஃபட்டுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் ஆறு மூன்று புள்ளி எறிதல்களோடு 28 புள்ளிகள் எடுத்தார். பெக்கர்ஸ் எடுத்தது 12 புள்ளிகள்தான், ஆனால் அவர் கொடுத்த 10 பாஸ்கள் கூடைகளாக மாறின. எங்கள் பயிற்சியாளர் ஸ்டேலி இதை இரண்டாவது முறை நடக்க விடமாட்டார்.

நான்: அக்கா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நேற்றைய இரண்டாவது அரையிறுதியை நீங்கள் முழுவதும் பார்த்தீர்களா? கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ அணியை யூகான் 85-51 என்று வென்றது. பெண்கள் அரையிறுதி ஒன்றில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இதற்கு முன் வந்ததே இல்லை. அதில் எனக்கு வியப்பு என்னவென்றால், யூசிஎல்ஏவின் 6 அடி 7 அங்குல லாரன் பெட்ஸ் தனியாக 26 புள்ளிகள் எடுத்துவிட்டார். அதாவது யூகான் அவரைத் தடுக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். மற்ற எல்லோருக்கும் சேர்த்து 25 புள்ளிகள்தான் கிடைத்தன. பெட்ஸுக்குப் பந்து போகும் வழியிலும், அவரிடமிருந்து பந்து திரும்பி வரும் வழியிலும்தான் யூகான் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா ஆட்களை நிறுத்தியிருந்தார்.

ஹார்ட்ஃபர்ட் மாமா: இதைத்தான் முப்பது வருடமாக இந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

ஹார்ட்ஃபர்ட் அத்தை: உங்கள் மாமா தொலைக்காட்சியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னிடம் சொன்னதில்லை. எனக்கு ஒரு சந்தேகம். யூகான் இவ்வளவு வலுவான அணி என்றால், போட்டி தொடங்கும்போது அதற்கு ஏன் இரண்டாம் தரநிலை கொடுத்தார்கள்? சவுத் கரோலைனா முதல் தரநிலையில் அல்லவா இருந்தது?

நான்: அத்தை, அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரநிலை கொடுக்கிறார்கள். யூகான் பிக் ஈஸ்ட் லீகில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை, ஆனால் அந்த லீகில் வலுவான எதிரிகள் குறைவு என்பது தேர்வுக் குழுவின் கணக்கு. வெளியே நோட்டர் டேம், யூஎஸ்சி, டென்னசி ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்றிருந்தார்கள். தரநிலை என்பது நவம்பரிலிருந்து யாரோடு ஆடி என்ன செய்தீர்கள் என்பதற்கான கூலி. ஏப்ரலில் யார் வலுவாக இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

கொலம்பியா அக்கா: அந்தக் கூலியையும் எங்களுக்குச் சரியாகக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். நாட்டிலேயே கடினமான லீகில் முதலிடம், லீக் கோப்பை, அதற்கு வெளியேயும் வலுவான அணிகளைத் தேடிப் போய் ஆடிய அட்டவணை. இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டுமொத்த முதலிடத்தை யூசிஎல்ஏவுக்குக் கொடுத்துவிட்டு எங்களை இரண்டாவதாக வைத்தார்கள். ஸ்டேலி வெளிப்படையாகவே அதிருப்தியைச் சொன்னார்.

ஆஸ்டின் சித்தப்பா: நவம்பரில் யூசிஎல்ஏவிடம் 77-62 என்று தோற்றதை நீ சௌகரியமாக விட்டுவிட்டாய் அம்மா. நேருக்கு நேர் மோதி 15 புள்ளியில் தோற்ற அணிக்கு மேலே எங்களை வையுங்கள் என்று கேட்டால், குழுவில் இருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்?

கொலம்பியா அக்கா: அது நவம்பர், சித்தப்பா. ஆனால் சரி, தரநிலையைப் பற்றி இனி பேசிப் பயனில்லை. நாளை யூசிஎல்ஏ ஆடப்போவதில்லை. நான் சொல்ல வருவது கடந்த ஆண்டு கிளீவ்லாந்தில் நடந்த இறுதியைப் பற்றி. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளிகள் அடித்தார். நம்மில் எல்லோரும் அன்று பதறினோம். ஸ்டேலி பதறவில்லை; ரேவன் ஜான்சனை அவரோடு ஓடவிட்டார், மற்றவர்களை அவரவர் இடத்திலேயே நிறுத்தினார். கிளார்க் 30 புள்ளிகளில் முடித்தார், நாங்கள் 87-75 என்று வென்றோம். ஆக, தம்பி சொல்லும் அந்த வித்தை ஆரியம்மாவின் தனிச்சொத்து அல்ல.

நான்: ஆனால் அன்று உங்களிடம் 6 அடி 7 அங்குல கமிலா கார்டோசோ இருந்தார், அக்கா. தவறிய எறிதலில் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் அவருக்கு மட்டும் 17. அணியின் கணக்கு 51-29. முன்னால் நிற்பவர் ஏமாந்தாலும் பின்னால் ஓர் உயரமான ஆள் கை தூக்கி நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் ரேவன் ஜான்சனால் அவ்வளவு நெருங்கி நிற்க முடிந்தது. இந்த ஆண்டு கார்டோசோ போய்விட்டார். ஆஷ்லின் வாட்கின்ஸ் ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே போய்விட்டார். இந்தப் போட்டியில் டியூக்கோடு 54-50, மேரிலாந்தோடு 71-67 என்று மூச்சுப் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் தடுப்பாட்டம் இன்னும் நல்ல தடுப்பாட்டம்தான், ஆனால் அதன் கடைசி வரிசையில் கூரை இல்லை.

ஹார்ட்ஃபர்ட் மாமா: நன்றாகச் சொன்னாய். அதுவும் சாரா ஸ்ட்ராங் என்ற முதலாண்டு மாணவி கூடையிலிருந்து விலகி, மூன்று புள்ளி வளைவின் உச்சியில் நின்று பந்தை வாங்குவார். அவரைத் தடுக்க உங்கள் உயரமான ஆள் மேலே ஏறி வந்தாக வேண்டும். வந்த மறுநொடியே, தடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவர் கூடையை நோக்கி ஓடுவார். வராவிட்டால் ஸ்ட்ராங்கே எறிந்துவிடுவார். நாளை பார்க்கத்தானே போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, 6 ஏப்ரல் 2025

ஹார்ட்ஃபர்ட் மாமா: 82-59. ஒன்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு யூகானின் 12ஆவது பட்டம். இதற்கு மேல் இன்று நான் எதுவும் எழுதப்போவதில்லை. மருமகள் மனம் நோகக் கூடாது.

ஹார்ட்ஃபர்ட் அத்தை: இதை எழுதிவிட்டு அவர் வீதியில் இறங்கி நடந்துகொண்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரரும் வெளியே வந்துவிட்டார்.

ஆஸ்டின் சித்தப்பா: வாழ்த்துகள் மச்சான். ஓக்லஹோமாவையும் இதே போட்டியில் இதே 82-59 என்றுதான் முடித்தீர்கள். அன்று பெக்கர்ஸ் 40 புள்ளிகள் எடுத்தார். இன்று 17 மட்டுமே.

நான்: சித்தப்பா, இன்றைய ஆட்டம் முழுவதும் அந்த 17-இல் இருக்கிறது. பெக்கர்ஸ் எறிந்த 14-இல் 5 மட்டும்தான் உள்ளே போயிற்று. அவரைத் தடுத்த பிரீ ஹாலும் ரேவன் ஜான்சனும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் ஃபட் 24, ஸ்ட்ராங் 24, அதோடு ஸ்ட்ராங்குக்கு 15 ரீபவுண்ட். பெக்கர்ஸைத் தவிர மற்றவர்களுக்கு 65 புள்ளிகள். வெள்ளிக்கிழமை யூசிஎல்ஏவில் பெட்ஸைத் தவிர மற்றவர்கள் எடுத்த 25-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொலம்பியா அக்கா: நான் இப்போதுதான் சமையலறைக்குப் போய்வந்தேன், எழுதுகிறேன். பெக்கர்ஸை அப்படியே விட்டுவிட்டிருக்க வேண்டும் என்று நீ சொல்வதை நான் ஏற்கமாட்டேன், தம்பி. அவரை விட்டிருந்தால் ஓக்லஹோமாவுக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடந்திருக்கும். பெட்ஸ் உயரமானவர், ஆனால் பந்தை அவரிடம் வேறொருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பெக்கர்ஸ் பந்தைத் தாமே கொண்டுவருகிறார். இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நான்: அது சரியான வாதம், அக்கா. அதை மறுக்க எனக்கு வழியில்லை.

கொலம்பியா அக்கா: இன்னொன்றும் சொல்கிறேன். இடைவேளையில் 36-26. பத்துப் புள்ளி என்பது எங்களுக்குப் பெரிய வித்தியாசமே இல்லை. மூன்றாம் கால்பகுதி முடிவில் 62-42 ஆனபோதுதான் கை நழுவிப் போனது. அந்தப் பத்து நிமிடங்களில் தடுப்பாட்டம் கெட்டதற்குக் காரணம் எங்கள் தாக்குதல். எறிந்தது உள்ளே போகவில்லை என்றால் எதிரணி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறது. நிதானமாக நின்று தடுக்க நேரமே கிடைப்பதில்லை. எங்கள் அணியில் யாரும் 10 புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை. 59 புள்ளிகளை வைத்துக்கொண்டு எந்தத் தடுப்பாட்டத்தாலும் யூகானை வெல்ல முடியாது.

ஆஸ்டின் சித்தப்பா: இதைத்தான் டெக்சஸ் ரசிகர்கள் பருவம் முழுவதும் தங்கள் அணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வா அம்மா, எங்கள் பக்கம் உட்கார்.

ஹார்ட்ஃபர்ட் மாமா: எழுதமாட்டேன் என்றேன், ஆனால் ஒன்றே ஒன்று. ஸ்டேலி பிலடெல்பியாவில் பிறந்தவர். ஆரியம்மா சிறுவயதில் இத்தாலியிலிருந்து வந்து அதே நகரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். இரண்டு பேரும் தோல்வியை மறக்கிற வகையறா அல்ல. 2022 இறுதியில் எங்களை 64-49 என்று அடித்தீர்களே, அதைத்தான் ஆரியம்மா இன்று திருப்பிக் கொடுத்தார்.

நான்: அப்படியென்றால் அடுத்த பருவத்தின் தரவரிசையில் யார் முதலில் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள், மாமா? பெக்கர்ஸ் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறார்.

ஹார்ட்ஃபர்ட் மாமா: ஃபட் இன்னும் ஓர் ஆண்டு இருப்பதாக அறிவித்துவிட்டார், ஸ்ட்ராங்குக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இதில் கேள்வி என்ன?

கொலம்பியா அக்கா: எங்கள் முதலாண்டு மாணவி ஜாய்ஸ் எட்வர்ட்ஸுக்கும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, மாமா. எங்களுக்கு வேண்டியது கூடைக்கு அடியில் நிற்க உயரமான ஒருவர். வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவரும் ஆட்டக்காரர்களில் அப்படி ஒருவரை ஸ்டேலி இந்தக் கோடையிலேயே பிடித்துவிட்டால், நீங்கள் அத்தையோடு கொலம்பியாவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியே அந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். சாப்பாடு போடுவேன், அரங்கில் மட்டும் என் பக்கத்தில் உட்காரக் கூடாது.