இரண்டு பழைய எம்எக்ஸ்-5-ஐ ஒன்றாக்கினேன், சாவியைப் பிடித்திருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. உதவி தேவை

இரண்டரைக் கார்:
வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பாதி சொன்னால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

என்னிடம் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டு இருக்கின்றன. ஒன்று 1990, 1.6 லிட்டர். பாடியில் துரு என்று சொல்ல எதுவுமில்லை, ஆனால் எஞ்சின் போச்சு. முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ டைமிங் பெல்ட் மாற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள், புல்லி ஆடி ஆடி கிராங்கில் கீ (புல்லி நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) உட்காரும் பள்ளமே அகன்றுவிட்டது. இன்னொன்று 1994, 1.8 லிட்டர். எஞ்சின் வெண்ணெய். ஆனால் பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால் சில் பகுதியில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடி இரும்பு) ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

சரி, நல்ல பாடியில் நல்ல எஞ்சின் என்று முடிவு செய்து, 1.8 எஞ்சினை அதன் ஃப்ளைவீல், கிளட்ச்சோடு எடுத்து 1990 வண்டியில் உட்கார வைத்தேன். மவுண்ட், கியர்பாக்ஸ் போல்ட் எல்லாம் அடித்துத் தட்டாமலே பொருந்தின. அன்றைக்கு நானும் ஒரு மெக்கானிக்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒயரிங், ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) இரண்டும் 1.6-இல் இருந்தவைதான், மாற்றவில்லை.

இப்போது பிரச்சினை. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தால் உடனே பற்றிக்கொண்டு ஓடுகிறது. சாவியை விட்டு அது ஆன் நிலைக்குத் திரும்பியதும் இரண்டு எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் இதேதான். ஸ்பார்க் பிளக் புதியது, பேட்டரி முழு சார்ஜ். எங்கே தேடுவது?

துருநண்பன்:
எர்த் பட்டை மாட்டினீர்களா? எஞ்சின் இறக்கும்போது முதலில் கழற்றுவதும் அது, ஏற்றும்போது மறப்பதும் அதுவே. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் எர்த் சரியில்லை என்றால் சம்பந்தமே இல்லாத கோளாறாகக் காட்டும்.

இரண்டரைக் கார்:
மாட்டினேன். மீட்டர் வைத்தும் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது.

மல்டிமீட்டர்:
எர்த் இல்லை. எர்த் போனால் இப்படிப் பத்துக்குப் பத்து ஒரே மாதிரி செய்யாது. ஒரே ஒரு கேள்வி: காற்று உள்ளே போகும் வழியில், ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர் மீட்டர், அது எந்தக் காருடையது?

இரண்டரைக் கார்:
1.8-உடையது. பார்க்கப் புதிதாக இருந்தது, பெட்டியோடு அப்படியே தூக்கி வைத்தேன். கனெக்டர் சேரவில்லை, அதனால் 1.6 கனெக்டரை வெட்டிவிட்டு ஒயர் நிறத்தைப் பார்த்து ஊகித்து இணைத்தேன். (எழுதும்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.)

மல்டிமீட்டர்:
வெட்கப்படுங்கள், ஆனால் வெட்டிய கனெக்டரைத் தூக்கி எறிந்திருந்தால் மட்டும்.

1.6-இல் இருப்பது தகடு வைத்த மீட்டர். காற்று இழுத்தால் உள்ளே இருக்கும் தகடு திறக்கும், எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்து ஈசியூ பெட்ரோலைக் கணக்குப் போடும். 1.8-இல் சூடான கம்பி வைத்த மீட்டர், அதில் அசையும் தகடே கிடையாது. ஒன்று பேசுவது மற்றதன் ஈசியூவுக்குப் புரியாது. இது முதல் தப்பு, ஆனால் உங்கள் வண்டி அணைவதற்குக் காரணம் இரண்டாவது.

அந்தத் தகடு மீட்டருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. தகடு கொஞ்சம் திறந்தாலே அது சேர்ந்து பெட்ரோல் பம்பின் ரிலேயைப் பிடித்து வைக்கும். எஞ்சின் நின்றால் காற்று நிற்கும், தகடு மூடும், பம்ப்பும் நிற்கும். விபத்தில் பெட்ரோல் கொட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஸ்டார்ட் செய்யும்போது காற்று இன்னும் வராது என்பதால், சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்வரை பம்புக்குத் தனி வழியில் கரண்ட் போகும். நீங்கள் சாவியை விடுகிறீர்கள், அந்த வழி அடைபடுகிறது, சுவிட்ச்சும் இல்லை, பம்ப் நிற்கிறது. குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் அந்த இரண்டு எண்ணிக்கை ஓடுகிறது.

என் பேச்சை நம்பிக் கழற்றாதீர்கள், முதலில் சோதித்துப் பாருங்கள். எஞ்சின் பக்கம் டயாக்னோசிஸ் என்று மூடியில் எழுதிய கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவியை ஆனில் வையுங்கள். பின்பக்கம் பம்ப் உறுமும் சத்தம் கேட்க வேண்டும். அப்படியே ஸ்டார்ட் செய்து சாவியை விட்டுப் பாருங்கள்.

இரண்டரைக் கார்:
அண்ணா, ஓடுகிறது! கறுப்புப் புகை, மூன்று சிலிண்டர் மாதிரி உதறல், ஆனால் நிற்கவில்லை. ஒயரை எடுத்தேன், நின்றது.

மல்டிமீட்டர்:
அவ்வளவுதான். ஒயரை அப்படியே விட்டு ஓட்டிவிடாதீர்கள், அது சோதனைக்கு மட்டும். 1.6-இன் மீட்டரை அதன் ரப்பர் குழாயோடு கொண்டுவந்து மாட்டுங்கள், கனெக்டரைத் திரும்ப ஒட்டுங்கள். மாட்டுவதற்கு முன் கனெக்டரைச் சொருகி, சாவியை ஆனில் வைத்து, விரலால் தகட்டைத் தள்ளுங்கள். பம்ப் சத்தம் வந்தால் உள்ளே சுவிட்ச் நன்றாக இருக்கிறது.

கூடவே இன்ஜெக்டரும். 1.8-உடையவை அதிகப் பெட்ரோல் விடுபவை, 1.6 ஈசியூவுக்கு அது தெரியாது. 1.6-இன் நான்கையும் புது ஓ-ரிங் போட்டு மாற்றுங்கள். த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வழி) இருக்கும் சென்சாரும் அதே கதை: 1.6-இல் அது கால் எடுத்தாச்சு, முழுக்க மிதிச்சாச்சு என்று இரண்டு மட்டும் சொல்லும் சுவிட்ச், 1.8-இல் நடுவில் உள்ளதையும் அளக்கும் சென்சார். 1.6 சுவிட்ச்சைக் கழற்றி 1.8 த்ராட்டிலில் மாட்டுங்கள்.

கயிறு கட்டி இழுத்தவன்:
குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 1994-இல் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), பிரேக் எல்லாமே பெரியவை. 1990 பாடியில் இருந்து சில் பகுதியை மட்டும் வெட்டி 1994-இல் வெல்டு செய்தால் ஒன்றையுமே இடம் மாற்ற வேண்டாமே?

துருநண்பன்:
வேண்டாம் நண்பரே, தயவுசெய்து. கூரை இல்லாத காரில் முதுகெலும்பே அந்த சில்தான். கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பிடிக்காமல் அதை வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும், பிறகு கதவு சாகும்வரை சரியாக மூடாது. நான் ஒரு முறை பார்த்தேன்: கதவு இடைவெளி மேலே ஒரு விரல், கீழே நகம்கூட நுழையாது. அதுவும் ஒரு நல்ல பாடியை வெட்டி ஓட்டைப் பாடிக்கு ஒட்டுப் போடுவதா? கழற்றி மாட்டக்கூடியதை மாற்றுங்கள், வெட்டி ஒட்ட வேண்டியதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எந்தப் பாடியோ அதுதான் கார். 1990-இன் எண் 1990 பாடியில்தான் இருக்க வேண்டும், எண் தகடு மாற்றும் விளையாட்டு எந்த ஊரிலும் வம்பு. எஞ்சின் எண் மாறியதைப் பதிவு அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டரைக் கார்:
மூன்று நாள் கழித்து வருகிறேன்.

மீட்டர், இன்ஜெக்டர், த்ராட்டில் சுவிட்ச் மூன்றும் மாற்றியாயிற்று. தகட்டை விரலால் தள்ளியதும் பின்னால் பம்ப் 'ம்ம்ம்' என்றது, குழந்தை மாதிரி நாலு தடவை தள்ளித் தள்ளிக் கேட்டேன். ஸ்டார்ட் ஆகி நிற்காமல் ஓடுகிறது, புகை இல்லை. ஆனால் ஐடில் (ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) மட்டும் 700-க்கும் 1500-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது.

மல்டிமீட்டர்:
மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. தகட்டுக்குப் பிறகு உள்ளே நுழையும் காற்று கணக்கில் சேராது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். நல்ல எஞ்சின் உடனே தடுமாற வேண்டும், உங்களுடையது கண்டுகொள்ளாமல் ஓடினால் ஏற்கெனவே வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது. ரப்பர் குழாயைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், மடிப்புக்குள்தான் கீறல் ஒளிந்திருக்கும்.

இரண்டரைக் கார்:
மடிப்புக்குள்தான் இருந்தது! குழாய் காரில் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, கழற்றி வளைத்ததும் வாயைத் திறந்தது, சுண்டுவிரல் நுழையும். வேறு குழாய் மாட்டி, அதே கறுப்புப் பெட்டியில் டிஇஎன் முனையை ஜிஎன்டியோடு இணைத்து, லைட் பிடித்து ஸ்பார்க் டைமிங் 10 டிகிரிக்கு வைத்தேன். ஐடில் 850-இல் நின்றுவிட்டது.

அடுத்து டிஃபரன்ஷியல். மாற்றட்டுமா, 1.6-உடையதே போதுமா?

துருநண்பன்:
சாதாரணமாக ஓட்டினால் போதும். 1.6-இல் உள்ளே இருக்கும் ரிங் கியர் 6 அங்குலம், 1.8-இல் 7. சிக்னலில் டயரைத் தேய்த்துக் கிளம்பும் பழக்கம் இருந்தால் சின்னது ஒரு நாள் பல்லைக் காட்டும். எப்படியும் பாகம் தானம் கொடுக்கும் 1994 கார் பக்கத்திலேயே நிற்கிறது, மாற்றுங்கள். ஆனால் டிஃபரன்ஷியலை மட்டும் எடுத்தால் மாட்ட முடியாது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு பக்க ஆக்சில் எல்லாம் சேர்த்து எடுக்க வேண்டும். பிரேக்கும் அப்படித்தான்: முன்னால் 235-க்குப் பதில் 255 மி.மீ. டிஸ்க், பின்னால் 231-க்குப் பதில் 251. காலிப்பர் பிடிக்கும் பிராக்கெட்டோடு நான்கு சக்கரத்துக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள், முன்பக்கம் மட்டும் மாற்றி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

மல்டிமீட்டர்:
ஒன்றை விட்டுவிட்டார். 1.6-இல் டிஃபரன்ஷியலின் கியர் விகிதம் 4.3, 1994-இல் 4.1. உங்கள் கியர்பாக்ஸ் 1.6-உடையது, ஸ்பீடோமீட்டர் கேபிள் அதிலிருந்துதான் கிளம்புகிறது. டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றினால் மீட்டர் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைத்துக் காட்டும், 95 என்று காட்டும்போது நீங்கள் 100-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 1.8 கியர்பாக்ஸில் கேபிள் மாட்டும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் எடுத்து மாற்றிவிடுங்கள், ஒரே ஒரு போல்ட்தான்.

1994 பாடியை உடனே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கார் சில மாதம் ஓடட்டும். நேற்று வேண்டாம் என்று நினைத்த ஒரு கிளிப்புக்காக நாளைக்கு அலைவீர்கள்.

இரண்டரைக் கார்:
நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. வரும் ஞாயிறு டிஃபரன்ஷியல். ஒரு சின்ன சந்தேகம்: டப்பாவில் ஏழு போல்ட் மிச்சம் இருக்கிறது, எந்தக் காருடையது என்று தெரியவில்லை. பயப்பட வேண்டுமா?

துருநண்பன்:
இரண்டு காரை ஒன்றாக்கியவரிடம் போல்ட் மிச்சம் வராவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஏழுதான் என்றால், இன்னும் தேடுங்கள்.