மறு: ‘வோகோடர்’ பேச்சுக்குத் தமிழ்ச்சொல்: ‘கீற்றுப் பேச்சு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். காக்ளியர் கருவி (காது கேளாதவருக்குக் காதுக்குள் மின்முனைகளைப் பதித்து ஒலியை உணரவைக்கும் கருவி) பற்றிய நம் கையேட்டுக்காக, ‘வோகோடர்’ வழியே வரும் பேச்சுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். வோகோடர் என்பது பேச்சைச் சுருக்கி, அதிலிருந்து மறுபடி பேச்சை உருவாக்கும் கருவி.

கோவை ஐயா தந்த ‘குரல் குறியாக்கி’, யாழ்ப்பாணத்து அக்கா தந்த ‘சிதைபேச்சு’ இரண்டையும் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஐயா, உங்கள் சொல் கருவியின் பிறப்புக்குச் சரியாகப் பொருந்துகிறது. 1930களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி அதை உருவாக்கியது தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்பத்தான். ஆனால் காக்ளியர் கருவி வைத்தவருக்குப் பேச்சு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஆராய்பவர்கள் கைக்கு வந்தபோது அதன் வேலை மாறிவிட்டது. அவர்கள் பேச்சை அதிர்வெண்வாரியாகச் சில பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஓசை எப்போது ஏறியது, எப்போது தணிந்தது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருந்த நுண்ணதிர்வை எடுத்துவிட்டு, அதே ஏற்ற இறக்கத்தில் வெறும் இரைச்சலை நிரப்பி, எல்லாவற்றையும் மறுபடி சேர்க்கிறார்கள். காதுக்குள் பதித்த மின்முனைகளும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. மின்முனைகள் 22 வரை இருந்தாலும், மின்னோட்டம் அக்கம்பக்கத்தில் பரவிவிடுவதால் பெரும்பாலோருக்கு எட்டுக்கு மேல் தனித்தனியாகப் பயன்படுவதில்லை.

நன்றாகக் கேட்பவர்களை வைத்து எதற்குச் சோதனை என்று ஒருவர் கேட்டிருந்தார். கருவி வைத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. எத்தனை ஆண்டு கேளாமல் இருந்தார், நரம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மின்முனை எந்த இடத்தில் அமைந்தது என்று எல்லாம் கலந்து வரும். நன்றாகக் கேட்பவர்களிடம் இந்த முறையில் பட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 1995ல் ராபர்ட் ஷானன் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் காட்டியதும் அதுதான்: அமைதியான இடத்தில், கொஞ்சம் பழகிய பின், மூன்று நான்கு பட்டைகளிலேயே வாக்கியம் புரிந்துவிடுகிறது. நம் காப்பிக்கடை இரைச்சலில் அது போதாது.

அதனால் என் பரிந்துரை ‘கீற்றுப் பேச்சு’. தென்னை ஓலையைக் கீற்றாகக் கிழித்து முடைவது போலத்தான் இங்கே பேச்சைக் கிழித்து முடைகிறார்கள். முன்னால் எண்ணும் இயல்பாக உட்கார்கிறது: நான்கு கீற்றுப் பேச்சு, எட்டுக் கீற்றுப் பேச்சு. ‘எட்டுத் தட குரல் குறியாக்கப் பேச்சு’ என்று ஒரு பெற்றோரிடம் என்னால் சொல்ல முடியாது. செய்யும் கருவியைக் ‘கீற்றாக்கி’ எனலாம்.

அக்கா, ‘சிதைபேச்சு’ சுருக்கமான சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அண்ணன் மகளுக்கு இரண்டு வயதில் கருவி வைத்தார்கள். இப்போது தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த பேச்சே அந்தக் கருவி தருவதுதான். நாளை அவள் இந்தக் கையேட்டைப் படிக்கும்போது, தான் கேட்பதற்குப் பெயர் சிதைவு என்று பார்க்கக் கூடாது. அவள் மூளை அந்த ஒலியோடு வளர்ந்தது, நாம் கேட்பதோ தோராயமான மாதிரி. அவள் கேட்பதே இது என்று எங்கும் எழுதிவிடாதீர்கள்.

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டில் அம்மாவுக்கு ஆறு கீற்றில் ஒரு வாக்கியம் போட்டுக் காட்டினேன். “யாரோ மூச்சு வாங்குற மாதிரி இருக்கு” என்றார். அடுத்து மூல ஒலியைப் போட்டேன்: “மழை வருது, குடைய எடுத்துக்கோ.” மறுபடி கீற்றைப் போட்டதும் அம்மா முகம் மாறிவிட்டது. சொல் சொல்லாகக் கேட்டது அவருக்கு. அப்புறம் பேத்தியிடம் மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறார்.

தமிழில் எது மிஞ்சுகிறது, எது போகிறது என்பதையும் நாம் எழுத வேண்டும். நான் நான்கு கீற்றில் கேட்டபோது படம், பாடம், பட்டம் மூன்றும் தெளிவாகப் பிரிந்தன. குறில், நெடில், இரட்டித்த வல்லினம் எல்லாம் நேர அளவில் இருப்பவை, அதனால் தப்பிக்கின்றன. பல்லியும் பள்ளியும் எனக்குக் கடைசிவரை ஒன்றாகத்தான் கேட்டன. ல, ள, ழ வேறுபாடு அதிர்வெண் நுணுக்கத்தில் இருப்பது. இங்கே பக்கத்து வீட்டுச் சீனக் குழந்தைகளுக்குச் சிக்கல் வேறு: மாண்டரினில் தொனி மாறினால் பொருளே மாறும், சுருதியோ இந்த வழியில் பெரும்பாலும் போய்விடுகிறது.

‘காக்ளியர் கருவி’ அப்படியே இருக்கட்டும். பெற்றோர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘பெருவிரைவு ரயில்’ என்று பாதி தமிழும் பாதி கடனுமாக இங்கே ஒரு சொல் நிலைத்துவிடவில்லையா? ‘சிமுலேஷன்’ என்பதற்குப் ‘பாவனை’ மட்டும் வேண்டாம், இலங்கை நண்பர்களுக்கு அது பயன்பாடு என்று பொருள்படும். ‘ஒப்புருவாக்கம்’ எனக்குச் சம்மதம்.

ஒன்று பாக்கி. ஒவ்வொரு பட்டையிலும் ஓசை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டுக்கு (ஆங்கிலத்தில் ‘என்வலப்’) ‘உறை’ என்று எழுதினால் தபால் உறைதான் நினைவுக்கு வருகிறது. ‘வீச்சுவரை’ என்று வைத்திருக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது இதைவிட நல்ல சொல் தாருங்கள்.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து