மதுரை – ராமேஸ்வரம் ஓட்டத்துக்கு ஹைப்ரிட் கட்டுப்படியாகுமா?

பாம்பன்_டாக்சி:
மதுரை ஏர்போர்ட்டில் ஏற்றி ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை, மறுநாள் திரும்ப மதுரை. இந்த யாத்திரை ஓட்டத்துக்கு ஏழு சீட் வண்டி எடுக்கணும். மாசம் 5,000 கி.மீ. ஓடும். மனசில் இருப்பது இரண்டு: இன்னோவா க்ரிஸ்டா டீசல், இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது). "ஹைப்ரிட் டவுனுக்குத்தான், ஹைவேயில் அது சாதா பெட்ரோல் வண்டி" என்று ஒரு பேச்சு. "உப்புக்காத்துல கரண்ட் வண்டி தாங்காது" என்று இன்னொரு பேச்சு. தெரிஞ்சவங்க எண்ணோட சொல்லுங்க.

ஆறாம்_கியர்:
முதல் பேச்சு பெரும்பாலும் சரிதான். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைப்பதும், எஞ்சினுக்கு வேலையில்லாதபோது அதை அணைத்து வைப்பதும்தான் ஹைப்ரிடின் லாபம். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நால்வழிச்சாலை. 90-ல் நிலையாகப் போகும் வண்டி எங்கே பிரேக் பிடிக்கிறது? எஞ்சின் எங்கே அணைகிறது?

அதற்கு மேல் ஹைக்ராஸின் அமைப்பில் எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு ஜெனரேட்டருக்குப் போய்க் கரண்டாகி, மோட்டாரில் மறுபடி சுழற்சியாகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் 5 முதல் 10 சதவீதம் கழியும். ஹோண்டா சிட்டி ஹைப்ரிடில் வேகம் பிடித்ததும் ஒரு கிளட்ச் பூட்டி எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைப்பது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான்.

காற்றையும் சேருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கும் சொல்வது. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் அது நிஜம். மேற்கிலிருந்து 30 கி.மீ. வேகத்தில் வீசும் கச்சான் காற்றை எதிர்த்து 80-ல் திரும்பி வரும் வண்டி, 110-ல் போகும் வண்டிக்குரிய காற்றுத் தடையைச் சந்திக்கிறது. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.89, ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது எஞ்சின் ஒரு நொடிகூட ஓயாது.

உச்சிப்புளி_ஒர்க்‌ஷாப்:
அண்ணே, பரமக்குடி வரைக்கும் நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். அதுக்கு அப்புறம் ராமேஸ்வரம் வரை சுமார் 100 கி.மீ. இருவழிச்சாலையை விட்டுட்டீங்களே. சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை, முன்னால் லாரி, பாம்பன் பாலத்தில் கடலைப் பார்க்க ஊர்ந்து போற வண்டிகள். இங்கே யாரும் 90-ல் நிலையா போறதில்லை.

முதலில் உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடறேன். ஹைக்ராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் (கரண்டில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) மூணும் ஒரே தத்துவம். கியர் மாத்துற கியர்பாக்ஸ் கிடையாது. ஒரே ஒரு பிளானட்டரி கியர் செட். நடுவில் இருக்கிற சன் கியரில் முதல் மோட்டார். அதுதான் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும். அதைச் சுத்தி வர்ற சின்னக் கியர்களைத் தாங்குற கேரியரில் எஞ்சின். வெளியே இருக்கிற ரிங் கியர் வழியாத்தான் சக்கரத்துக்குப் போகும். பெரிய மோட்டாரும் அந்தப் பக்கம்தான். டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான ப்ரியஸின் முதல் மூணு தலைமுறையில் சன் கியருக்கு 30 பல், ரிங் கியருக்கு 78 பல். அந்தப் பல் கணக்குப்படி எஞ்சின் முறுக்குவிசையில் 28 சதவீதம் ஜெனரேட்டருக்கு, 72 சதவீதம் நேரா சக்கரத்துக்கு. அதனால் "எல்லாம் கரண்டா மாறித் திரும்புது" என்று சிலர் நினைக்கிறது தப்பு. கிளட்ச் பிளேட் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தேயறதுக்கே ஆள் குறைவு.

இப்போ பிரேக் கணக்கு. ஆளும் பெட்டியும் சேர்த்து 2 டன். 60-லிருந்து 20-க்குக் குறைச்சாலே இயக்க சக்தியில் ஒன்பதில் எட்டுப் பங்கு வெளியேறுது. அது சுமார் 0.07 யூனிட் கரண்டுக்குச் சமம். 60 சதவீதம் திரும்பக் கிடைச்சா 0.04 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருந்து எஞ்சின் உருப்படியா எடுப்பது 2.7 யூனிட் என்று வெச்சா, ஒவ்வொரு வேகத்தடைக்கும் 15 மில்லி மிச்சம்.

ஆறாம்_கியர்:
நல்ல கணக்கு, தம்பி. அதையே முழுசாகப் போடுங்கள். 100 கி.மீ.யில் 40 இடத்தில் அப்படிக் குறைத்தாலும் 600 மில்லிதான். 14 மைலேஜ் வண்டிக்கு 100 கி.மீ.க்கு 7 லிட்டர் ஆகும். ஆக 8, 9 சதவீதம். இதற்கா இத்தனை லட்சம் கூடுதல்?

உச்சிப்புளி_ஒர்க்‌ஷாப்:
பிரேக்கில் பிடிக்கிறது சின்னப் பங்குதான், அதைப் பெருசாக்கிச் சொல்றது விளம்பரம். பெரிய பங்கு வேற இடத்தில் வருது.

ஒரு கார் 50-ல் சமவெளியில் உருள 5, 6 கிலோவாட் போதும். 100 கிலோவாட்டுக்கு மேல் தரக்கூடிய சாதா பெட்ரோல் எஞ்சினை அந்தச் சின்ன வேலைக்கு விட்டா, காத்து வர்ற வழியான த்ராட்டில் மூடின நிலையில் காத்தை இழுக்கவே சக்தி போகும். உள்ளே போற எரிசக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட உருப்படியா வராது. ஹைப்ரிட் அப்படி ஓட்டாது. ஓடுற நேரத்தில் 12, 15 கிலோவாட்டில் நல்லா வேலை வாங்கும், மிச்சத்தை பேட்டரியில் போடும், அப்புறம் அணைச்சிடும்.

எஞ்சினும் அட்கின்சன் முறை. கலவை உள்ளே வர்ற இன்டேக் வால்வை வேணும்னே தாமதமா மூடுவாங்க. கொஞ்சம் கலவை வந்த குழாய்க்கே திரும்பப் போயிடும். அழுத்துற நீளம் குறைவு, விரியுற நீளம் முழுசு. டொயோட்டாவின் இந்த எஞ்சின்கள் 40 சதவீத வெப்பத் திறனைத் தொடும். கீழ் வேகத்தில் இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் நிரப்பும். உங்க கச்சான் காத்தை எதிர்த்து 80-ல் போகக் கேட்கிற சக்தியும் அந்த எஞ்சினுக்குத் தோதான இடத்தில்தான் இருக்கு. ஓயாமல் ஓடினாலும் வீணா ஓடாது.

அடுத்தது ஏசி. அக்னி தீர்த்தம் பக்கம் நிறுத்திட்டு, 22 தீர்த்தமும் ஆடி சாமி கும்பிட்டு வர மூணு மணி நேரம். வண்டிக்குள் வயசானவங்க ரெண்டு பேர். டீசல் வண்டியில் ஏசி வேணும்னா எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். ஹைக்ராஸில் கம்ப்ரெசர் கரண்டில் சுத்துது. பேட்டரி இறங்கும்போது மட்டும் எஞ்சின் சில நிமிஷம் ஓடி நிக்கும்.

ஆறாம்_கியர்:
ஏசி காத்திருப்பு வலுவான வாதம், ஏற்கிறேன். அதையும் சேர்த்தே ரூபாயில் பார்ப்போம். டீசல் 93, பெட்ரோல் 101 என்றும், கைக்கு வரும் மைலேஜ் க்ரிஸ்டா 13, ஹைக்ராஸ் 16 என்றும் வைக்கிறேன். கி.மீ.க்கு 7.15 ரூபாய், 6.31 ரூபாய். வித்தியாசம் 84 பைசா. 5,000 கி.மீ.க்கு மாதம் 4,200. காத்திருப்பில் மணிக்கு அரை லிட்டர் குறைகிறது, தினம் 2 மணி நேரம், 25 நாள் என்றால் இன்னும் சுமார் 2,300 ரூபாய். மொத்தம் 6,500. வாங்கும் விலையில் வித்தியாசம் 5 லட்சம் வந்தால் ஆறு வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகுதான் முதல் ரூபாய் லாபம். அதில் கடன் வட்டி சேரவில்லை. கி.மீ. குறைந்தவர் கணக்கு இதைவிட மோசம்.

அந்தக் கணக்கில் என் முன்முடிவைத் திணிக்கவில்லை. டாக்சி அண்ணன் தன் விலைப்பட்டியலையும் தன் காத்திருப்பு நேரத்தையும் வைத்து மறுபடி போடட்டும்.

கீழக்கரை_வாசி:
நடுவில் வருகிறேன். சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) வீட்டு வண்டி. வருஷத்தில் பத்து மாதம் ஷெட்டில் நிற்கும். லீவில் வந்தால் கீழக்கரை – ராமநாதபுரம் 18 கி.மீ. தினமும், எப்போதாவது மதுரை. எர்டிகா மைல்டு ஹைப்ரிட் போதுமா, ஹைரைடர் ஸ்ட்ராங் எடுக்கலாமா?

உச்சிப்புளி_ஒர்க்‌ஷாப்:
காக்கா (அண்ணே), இந்தத் தேவைக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேண்டாம். நிக்கிற வண்டிக்கு அது பொருந்தாது.

அதுக்கு ரெண்டு பேட்டரி. டிக்கியில் 177.6 வோல்ட் லித்தியம், கொள்ளளவு 0.76 யூனிட்தான். அது போக சாதா 12 வோல்ட் ஒண்ணு. அலாரமும் கம்ப்யூட்டரும் 12 வோல்ட்டைத் தினமும் கொஞ்சம் குடிக்கும். சில வாரத்தில் சாவி கொடுத்தாலும் "ரெடி" விளக்கு வராது. இதுக்கு வேற பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டி ஜம்ப் கொடுக்கலாம். கம்ப்யூட்டரை எழுப்பத்தான் கரண்ட் தேவை, ஒரு பைக் பேட்டரியே போதும். ஆனா பெரிய பேட்டரி அடியோட இறங்கினா ஜம்ப் வேலைக்கு ஆகாது, ஏன்னா எஞ்சினைச் சுத்துற ஸ்டார்ட்டரே அந்தப் பேட்டரியில்தான் ஓடுது. அதனால்தான் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் அல்லது 16 கி.மீ. ஓட்டச் சொல்றாங்க. வீட்டில் யாராவது அதைச் செய்வாங்கன்னா மட்டும் யோசிங்க. ஆக்சிலரேட்டரை மிதிச்சுக்கிட்டு நியூட்ரலில் நின்னா சார்ஜ் ஏறாது. பார்க்கில் வெச்சு ரெடியில் விடணும்.

அப்புறம், உங்க ஹைப்ரிடிலிருந்து அடுத்தவர் டீசல் வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீங்க. அந்தச் சின்ன 12 வோல்ட் அமைப்பு அந்தச் சுமைக்கு அல்ல.

ஆறாம்_கியர்:
மைல்டு ஹைப்ரிடைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். எர்டிகாவில் இருப்பது ஆல்டர்னேட்டர் இடத்தில் பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். சிக்னலில் எஞ்சினை அணைக்கும், கிளம்பும்போது கொஞ்சம் தள்ளும். கரண்டில் மட்டும் ஒரு அடிகூட நகராது. ஏசி கம்ப்ரெசரும் எஞ்சின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ராமநாதபுரம் அரண்மனை முன்னால் எஞ்சின் அணைந்தால் உள்ளே சூடு ஏறும், உடனே எஞ்சின் எழும்பும். இந்த ஊர் வெயிலில் அந்த வசதியின் பலன் பெயரளவுக்குத்தான். அதற்காகவே அந்த வண்டியை எடுக்க வேண்டாம். சாதா வண்டி என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம் இல்லை.

காக்காவின் வண்டி நிற்காமல் தினம் 36 கி.மீ. ஓடுவதாக இருந்தால் நான் மின்சார வண்டியைத்தான் சொல்வேன். ஷெட்டில் பிளக் இருக்கிறது, தூரம் குறைவு, ஜிஎஸ்டி 5 சதவீதம். 4 மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிடுக்கு 40 சதவீதம்.

உப்பளம்:
உப்புக்காற்றில் கரண்ட் வண்டி தாங்காது என்ற இரண்டாவது பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கனடாவில் 2019 மாடல் முதல் வந்த டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட்கள் சிலவற்றில் பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு, பனிச்சாலையில் தூவும் உப்பால் அரித்துப்போனது. கேபிளையே மாற்ற வேண்டி வந்தது. தனுஷ்கோடி சாலையில் இரண்டு பக்கமும் கடல். அங்கே உப்பு, இங்கே மட்டும் சர்க்கரையா?

உச்சிப்புளி_ஒர்க்‌ஷாப்:
நியாயமான கேள்வி. அந்தக் கோளாறு பின் அச்சில் தனி மோட்டார் இருக்கிற நாலு சக்கர இழுவை வண்டியில். இணைப்பு வண்டிக்கு அடியில், சக்கரம் தெறிக்கிற இடத்தில் இருந்தது. ஹைக்ராஸ் முன் சக்கர இழுவை. பின்னால் மோட்டாரே இல்லை. இருந்தாலும் அடிப்பக்கம் நல்ல தண்ணியில் அலசுறது கட்டாயம். நம்ம பக்கத்து போர் தண்ணி வேண்டாம், அதுவே உப்பு. ஆரஞ்சு நிறக் கேபிள்மேல் பிரஷர் வாஷ் நேரா அடிக்காதீங்க.

எனக்குக் கவலை வேற மூணு இடம்.

ஒண்ணு, பிரேக் டிஸ்க். வேகத்தை மோட்டாரே குறைச்சிடறதால் பேட் டிஸ்க்கைத் தொடுறது குறைவு. உப்புக்காத்தில் டிஸ்க்கில் துரு அடை கட்டும், பேடைப் பிடிச்சிருக்கிற காலிப்பரின் பின் இறுகும், ஒரு பக்க பேட் மட்டும் தேயும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பின்னைக் கழட்டித் துடைச்சு சிலிக்கான் கிரீஸ் வைக்கணும். ஆள் இல்லாத நேர்ச்சாலையில் 40-ல் நியூட்ரலுக்குத் தள்ளி நாலஞ்சு தடவை பிரேக் பிடிச்சா, மோட்டார் ஒதுங்கி பேட் மட்டும் வேலை செய்யும், துரு உரியும்.

ரெண்டு, பேட்டரி மூச்சுவிடுற துவாரம். ஹைக்ராஸில் 168 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கேபின் காத்தை உள்ளே இழுத்துத்தான் குளிரும். துவாரம் எந்த இருக்கை ஓரம் என்று கையேட்டில் படம் இருக்கும். தீர்த்தமாடி வந்தவங்க ஈரத்துண்டை அதன்மேல் குவிப்பாங்க, பையிலிருந்து தீர்த்தக் கேன் வழியும், காலோடு வந்த மணல் ஃபில்டரில் அடைக்கும். முதல் அறிகுறி மின்விசிறி இரைச்சல். அடுத்து, எஞ்சின் வழக்கத்தைவிட அடிக்கடி எழும்பும், மைலேஜ் இறங்கும். கடைசியில் எச்சரிக்கை விளக்கு. ஃபில்டரைக் கழட்டித் தட்டி, சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவா காத்து அடிச்சா போதும். இந்த ஓட்டத்துக்கு மாசம் ஒருமுறை செய்யணும். பயணிகள் உட்காரும்முன் ஒரு ரெக்சின் விரிப்பும், ஈரத்துணிக்குத் தனி பிளாஸ்டிக் கூடையும் வெச்சிடுங்க.

மூணு, இன்வெர்ட்டர் (பேட்டரிக் கரண்டை மோட்டாருக்கு ஏத்தபடி மாத்துறது) கூலன்ட். எஞ்சின் ரேடியேட்டர் தண்ணி வேற, இது வேற, தனி டப்பா. அளவு குறைஞ்சா கம்பெனி சொன்ன கூலன்ட் மட்டும். குடத்துத் தண்ணி ஊத்தினா உள்ளே உப்பு படிஞ்சு வழி அடைக்கும், இன்வெர்ட்டர் சூடாகி வண்டி சக்தியைக் குறைச்சிடும்.

பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி. மாசம் 5,000 ஓடினா 32 மாசத்தில் கி.மீ. முடிஞ்சிடும். டாக்சி அண்ணன் இதைக் கணக்கில் எழுதிக்கணும்.

ஆறாம்_கியர்:
அந்தக் கடைசி வரிதான் என் முக்கியக் கவலை. கடன் முடிவதற்குள் வாரண்டி முடிந்துவிடும். கூடவே இன்னொன்று: அரிச்சல்முனைச் சாலையோர மணலில் இறக்கி நிறுத்தினால் முன் சக்கரம் புதையும். சக்கரம் சுழன்று வழுக்கியதும் ஹைப்ரிட் மோட்டாரைக் காக்க இழுவையை வெட்டிவிடும்; மிதிக்க மிதிக்க நகராது. தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள்.

பாம்பன்_டாக்சி:
விவரத்துக்கு நன்றி. ஏசி காத்திருப்பு நமக்கு தினம் 3 மணிக்குக் குறையாது. அப்படிப் போட்டால் மாசம் சுமார் 7,700 வருது, ஏறக்குறைய ஐந்தரை வருஷம். நீட்டித்த வாரண்டி விலையைக் கேட்டுட்டு முடிவு செய்றேன். மணலில் மாட்டினா கயிறு கட்டி டிராக்டரில் இழுக்கலாமா?

உச்சிப்புளி_ஒர்க்‌ஷாப்:
மணலை விட்டு வெளியே எடுக்க நாலைந்து அடி இழுக்கலாம். கொக்கி வளையத்தில் மட்டும் கட்டி, நியூட்ரலில், மெதுவா. அதுக்கு மேல் ஊருக்கு இழுத்துட்டுப் போகக் கூடாது. முன் சக்கரம் சுத்தினா உள்ளே காந்த மோட்டாரும் சுத்தும், கரண்டை உற்பத்தி பண்ணும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கணும், இல்லேன்னா பிளாட்பெட் லாரியில் ஏத்தணும். ராமநாதபுரத்திலிருந்து வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்; அதுவரை பயணிகளை வேற வண்டியில் அனுப்பிடுங்க.