பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் படம் வர மாட்டேன் என்கிறதா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அழைப்பிதழ்க் கடை:

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 7.0. அது வந்தது 2001இல். பிறகு அடோபி அதை அப்படியே விட்டுவிட்டு இன்டிசைன் என்ற தன் இன்னொரு மென்பொருள் பக்கம் போய்விட்டது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இன்னும் பேஜ்மேக்கரில்தான் ஓடுகின்றன. பழைய எழுத்துருவில் அடித்த வேலை ஹார்டு டிஸ்க் நிறையக் கிடக்கும்போது யார் மாறுவார்கள்?

எனக்கு எழுத்துத் தொல்லையைவிடப் படத் தொல்லைதான் அதிகம். சமீபத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி. அன்று மாலைக்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். மகன் போனில் கேபிள் போட்டுப் படத்தை ஏற்றிக் கொடுத்தார். கோப்பின் பெயர் தமிழில் ‘அப்பா’. விண்டோஸில் தட்டினால் பளிச்சென்று திறக்கிறது. பேஜ்மேக்கரில் பிளேஸ் (படத்தைப் பக்கத்துக்குள் கொண்டுவரும் கட்டளை) கொடுத்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். அதைத் தேர்ந்தெடுத்தால் திறக்க முடியவில்லை என்கிறது. படம் கெட்டுவிட்டது என்று அவர் ஆல்பத்தைப் புரட்டி வேறு படம் தேட ஆரம்பித்துவிட்டார்.

படத்தில் ஒரு கோளாறும் இல்லை. பேஜ்மேக்கருக்கு யுனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) தெரியாது. அப்படிப்பட்ட மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயரைக் கொடுக்க வேண்டி வந்தால் விண்டோஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைக் கொடுத்துவிடும். விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பதும் விதி. அப்புறம் கோப்பு எப்படிக் கிடைக்கும்? பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றியதும் வந்துவிட்டது. ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தாலும் இதே கதைதான். ரீஜன் செட்டிங்கில் தமிழை வைத்தால் சரியாகும் என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னார். ஆகாது. ஜப்பானிய மொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் விண்டோஸில் பழைய கோட் பேஜ் (யுனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) உண்டு, தமிழுக்குக் கிடையாது.

உள்ளே வந்த படம் படுத்துக் கிடந்தது, அது இன்னொரு கூத்து. பல போன்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. ‘நிமிர்த்திக் காட்டு’ என்று ஒரு குறிப்பைக் கோப்புக்குள் எழுதி வைப்பதோடு சரி. புது மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்கும், பழையது கண்டுகொள்ளாது. திருப்பிச் சேமித்துவிட்டு மறுபடி பிளேஸ் செய்தேன்.

உங்களுக்கு வந்த வினோதங்களையும் சொல்லுங்கள்.

பத்திரிகை லேஅவுட்:

நான் இன்டிசைன் ஆள். தமிழ்ப் பெயர்ச் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் ‘இந்தக் கோப்பை வைக்க முடியாது, கேட்ட வேலைக்கு ஃபில்டர் இல்லை’ என்று ஒரு செய்தி வரும் பாருங்கள், அதைப் பார்த்து மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். முக்கால்வாசி நேரம் குற்றவாளி கோப்புதான். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று இருக்கும், உள்ளே வெப்பி என்ற வேறு பட வகை. இணையத்திலிருந்து இறக்கியவர் வால் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார். பெயர் மாறினால் கோப்பு மாறிவிடுமா என்ன?

நான் செய்வது இதுதான். சந்தேகப் படத்தை நோட்பேடில் திறப்பேன். முழுக்கக் குப்பை எழுத்தாக வரும், பயப்பட வேண்டாம், முதல் வரியை மட்டும் பாருங்கள். பிஎன்ஜி என்று இருந்தால் அது பிஎன்ஜி. ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்சிஃப் என்று தெரிந்தால் ஜேபெக், அதாவது ஜேபிஜி. ரிஃப் என்று தொடங்கி நாலு எழுத்து தள்ளி வெப்பி என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஒருமுறை படமே இல்லாமல் ஒரு வலைப்பக்கத்தின் ஹெச்டிஎம்எல் வரிகள் வந்தன. படம் என்று நினைத்து அதைத்தான் இறக்கியிருக்கிறார் நிருபர். நோட்பேடில் திறந்ததைச் சேமித்துவிடாதீர்கள், படம் பாழாகிவிடும்.

நோட்பேட் பிடிக்காதவர்களுக்கு இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள். வால் பெயரும் உள்ளடக்கமும் பொருந்தவில்லை என்றால் அதுவே சொல்லி, பெயரை மாற்றட்டுமா என்று கேட்கும். ஐபோன்காரர்கள் அனுப்பும் ஹெச்இஐசி வகைப் படம் தனித் தலைவலி. 2017இல் ஐஓஎஸ் 11இலிருந்து வந்தது அது. கேமரா செட்டிங்கில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்தால் அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்ததை மாற்றித்தான் ஆக வேண்டும். புது இன்டிசைன் வெப்பியை ஏற்கிறது, ஆனால் பழைய பதிப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே நம்மில் அதிகம்.

பள்ளி ஆண்டு மலர்:

எங்களுக்குப் படம் தனியாக வந்தால்தானே இந்தப் பிரச்சினையெல்லாம்! கட்டுரை, கவிதை, தலைமையாசிரியர் வாழ்த்துரை, போட்டோ எல்லாவற்றையும் ஒரே வேர்டு கோப்பில் ஒட்டி அனுப்புகிறார்கள். அதிலிருந்து காப்பி எடுத்து பேஜ்மேக்கரில் பேஸ்ட் செய்தால் சில சமயம் சாம்பல் கட்டம், சில சமயம் மங்கலான படம். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான். ஒரு நகல் எடுத்து, வால் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே வேர்டு என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா. ஒட்டிய படமெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

ஆனால் இதில் ஒரு சோகம் உண்டு. வேர்டு தானாகவே படத்தை 220 பிபிஐ (அங்குலத்துக்கு 220 பிக்சல்) அளவுக்குச் சுருக்கிச் சேமிக்கும் அமைப்போடுதான் வருகிறது. ஆசிரியர் குரூப் போட்டோவைப் பக்கத்துக்குள் அடக்க ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிவிட்டுச் சேமித்தால், மீடியா ஃபோல்டரிலும் ஸ்டாம்ப்தான் இருக்கும். அப்போது மூலப்படம் கேட்பதைத் தவிர வழியில்லை. கேட்டால், ‘அதான் வேர்டில் அனுப்பிவிட்டோமே சார்’ என்பார்கள்.

பிளேட் ரூம், சிவகாசி:

படம் உள்ளே வந்ததோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அச்சுக்கான பிளேட் (தகடு) போடும் எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் லிங்க். பேஜ்மேக்கரில் பெரிய படத்தை வைத்தால் பெரும்பாலும் முழுப்படம் கோப்புக்குள் போவதில்லை, திரையில் காட்ட ஒரு சின்ன வடிவமும் படம் இருக்கும் பாதையும்தான் போகின்றன. நீங்கள் பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொடுத்தனுப்பினால் எங்கள் கணினியில் படம் இருப்பதுபோலவே தெரியும், பிளேட்டில் கட்டம் கட்டமாக விழும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி அடித்து லிங்க்ஸ் மேனேஜரைப் பாருங்கள், கேள்விக்குறி நிற்கும் படம் எல்லாம் காணாமல் போனவை.

இபிஎஸ் வகைக் கோப்பு இன்னும் மோசம். அதற்குள் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் மொழி) நிரல் ஒன்று, திரைக்கான பிரிவ்யூ ஒன்று. கடையில் இருக்கும் சாதா லேசர் பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது, பிரிவ்யூவைத்தான் அடிக்கும். ‘புரூஃபிலேயே லோகோ உடைந்து வருகிறது, இம்போர்ட் தப்பு’ என்று ஒரு வாடிக்கையாளர் சண்டைக்கே வந்தார். பிளேட்டில் கத்திபோல் வந்தது.

சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை நிற முறை) ஜேபெக் சில மென்பொருளில் நெகட்டிவ் மாதிரி தலைகீழ் நிறத்தில் வரும். போட்டோஷாப் அந்த வகையில் மை அளவுகளைத் தலைகீழாக எழுதுகிறது. படிக்கும் மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் முகம் பேய் மாதிரி இருக்கும். டிஃப் என்ற பட வகையாக மாற்றிவிடுங்கள். அந்த டிஃப்பையும் லேயர் இல்லாமல், கம்ப்ரஷனில் ‘நன்’ (சுருக்கமே வேண்டாம்) அல்லது எல்இசட்டபிள்யூ வைத்துச் சேமியுங்கள். ஜிப், ஜேபெக் கம்ப்ரஷன் வைத்த டிஃப்பைப் பழைய பேஜ்மேக்கரிடம் கொடுத்து மல்லுக்கட்ட வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்கள் மட்டும்). ஆர்ஜிபியில் (திரைக்கான மூவண்ண முறை) விட்டால் நாலு பிளேட்டிலும் ஏறும், தாத்தா முகத்தில் ஊதா அடிக்கும்.

ஸ்கிரைபஸ் பிரியன்:

இலவச ஆசாமி நானும் இருக்கிறேன். ஸ்கிரைபஸ் என்ற இலவச லேஅவுட் மென்பொருளில் இபிஎஸ், பிடிஎஃப் எதை வைத்தாலும் காலிக் கட்டமாக நின்றால், அவற்றைப் படித்துக் காட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். அது தனியாக நிறுவ வேண்டியது. நிறுவிவிட்டு, பிரிஃபரன்ஸஸில் வெளிக் கருவிகள் பகுதியில் அது இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும்.

அழைப்பிதழ்க் கடை:

பிளேட் ரூம் அண்ணே, நன்றி. லோகோ உடையும் மர்மம் இன்றுதான் விளங்கியது.

வாட்சப் படத்தை யாரும் சொல்லவில்லையே. உள்ளே வருவதில் அதற்குச் சிக்கலே கிடையாது, சமத்தாக வந்துவிடும். எனக்கு வருபவை பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சல். 300 பிபிஐக்கு வகுத்தால் சுமார் 13.5 செ.மீ. கல்யாணப் பத்திரிகைக்குத் தாராளம். அதையே 30 அங்குல போஸ்டருக்கு இழுத்தால் 53 பிபிஐ. தூரத்திலிருந்து பார்ப்பதால் ஏதோ ஒப்பேறும், கிட்டே வந்தால் மாட்டிக்கொள்வோம். போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் அப்படியே வரும். கடைக் கண்ணாடியில் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். அதையும் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பி, ‘இதானே சொன்னீங்க’ என்று கேட்கிறார்கள்.