குக்கி அழிச்சும் ஆள் தெரியுதுங்க

மலேசியா சுங்கை சிப்புட்ல சின்னதா போட்டோஸ்டாட் கடை வச்சிருக்கேன். போன மாசம் தோட்டத்துல இருக்குற மச்சான் கேட்டார்னு புல்லு வெட்டுற மெஷின் வெல தேடுனேன், அன்னையிலேருந்து எங்க போனாலும் அதே மெஷின்தான் வெளம்பரத்துல நிக்குது. குக்கி, அதான் நம்மள ஞாபகம் வச்சுக்க வெப்சைட்டு பிரவுசர்ல போட்டு வைக்கிற சின்ன குறிப்பு, எல்லாத்தையும் அழிச்சேன், இன்காக்னிட்டோங்கிற தனி ஜன்னல்ல போனேன், ம்ஹும். டியூஷன் சொல்லிக் குடுக்குற தம்பி ஒருத்தர்தான் சொன்னார், குக்கி இல்லாட்டியும் பிரவுசர வச்சே ஆள அடையாளம் கண்டுபிடிப்பாங்க அண்ணே, தோட்டத்து லயத்துல கப்சாய் மோட்டார்சைக்கிள் சத்தத்த வச்சே யாரு வூட்டு அப்பா வர்றார்னு சொல்றோம்ல அந்த மாதிரி, அதுக்கு ஃபிங்கர்பிரிண்ட்னு பேருன்னு.

இணைய உரிமைக்காக போராடுற இ.எஃப்.எஃப் அமைப்பு நடத்துற கவர் யுவர் ட்ராக்ஸ் சைட்டுல சோதிச்சுப் பாத்தா என் பிரவுசர் தனி ஆளாம், அதே மாதிரி வேற எதுவும் இல்லயாம்! 2010லயே அவங்க கிட்டத்தட்ட 470,000 பிரவுசர பாத்ததுல 83.6 சதவீதம் அப்படித்தான் தனியா தெரிஞ்சிருக்கு. என் கேஸ்ல பெரிய காரணம் ஃபாண்ட்டு. முரசு அஞ்சல்ங்கிற தமிழ் சாஃப்ட்வேர் காலத்துலேருந்து கல்யாண கார்டு அடிக்கிறேன், தமிழ் ஃபாண்ட்டு மூட்ட மூட்டயா கெடக்கு. வெப்சைட்டு எழுத்தோட அகலத்த அளந்தே எந்த ஃபாண்ட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சிடுதாம். தமிழ்ல வேல பாத்ததுக்கு இதான் பரிசு.

*

அண்ணே, வெளம்பரம் வந்தத மட்டும் வச்சு ஃபிங்கர்பிரிண்ட்தான்னு சொல்ல முடியாதுண்ணே, ஒரே ஐபி, அதான் நெட் முகவரி, இல்ல மச்சான் அதே வைஃபைல தேடியிருப்பார், அதாலயும் வரும். நான் பகாவ்ல இருக்கேன். ஃபயர்பாக்ஸ் பிரவுசர்ல இத தடுக்குற ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங் செட்டிங்க ஆன் பண்ணேன், பண்ணதுமே டைம் ஸோன் உலகப் பொது நேரமான யுடிசி ஆயிடுச்சு, ராத்திரி 8 மணிக்கு வந்த மெயிலு பகல் 12 மணின்னு காட்டுது. அது கூட பரவால்ல. மகனோட பாரத்துக்கு போட்டோ ஏத்துனா படம் முழுக்க கோடு கோடா போவுது! பிரவுசர மறைவா ஒரு படம் வரைய வச்சு மெஷின அடையாளம் பாக்குற கேன்வாஸ் வேலய தடுக்குறதுக்காக அப்படி கொழப்பி விடுதாம். அந்த சைட்டுக்கு மட்டும் கேன்வாஸுக்கு அனுமதி குடுத்து ஏத்துனேன்.

*

கூலிம்லேருந்து. நான் அதி புத்திசாலி, பிரவுசர்ல சேக்குற கூடுதல் கருவி, எக்ஸ்டென்ஷன், ஆறு போட்டு, பிரவுசர ஐபோன்னு பொய் சொல்ல வச்சேன். ஐபோன்னு சொல்லிக்கிட்டு 1920 அகலத்துல ஸ்க்ரீன் இருந்தா எவன் நம்புவான், முன்னவிட இன்னும் தனியா தெரிஞ்சேன். எல்லாத்தையும் கழட்டிட்டு இப்ப டோர் பிரவுசர்தான், எல்லாரையும் ஒரே மாதிரி காட்டுறதுதான் அதோட வேல. ஸ்லோதான் லா. பேங்குக்கு மட்டும் சாதா பிரவுசர், அங்க நாமளே பேர் சொல்லிட்டுதான உள்ள போறோம்.

*

பகாவ் தங்கச்சி சொன்னது சரிதான், மச்சான் எங்க வூட்டு வைஃபைலயும் தேடியிருக்கார். ஆனாலும் ஃபாண்ட்ட அழிக்க மனசு வரல, ஆவணி பொறந்தா கார்டு வேல வந்துடும். அதனால கடை கம்ப்யூட்டர்ல நெட் கேபிள கழட்டிட்டேன். தேடுறதுக்கு மகளோட பழைய லேப்டாப்பு, அதுல ஒரு ஃபாண்ட்டும் ஏத்தல.