கயலுக்கு ஒரு பிரிண்டர்

குழு: பாட்டி வீட்டுக் கூட்டம்

[காலை 9:12] கயல்: எல்லோருக்கும் வணக்கம். ஆபீசுக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும். இதுவரை பக்கத்து ஆபீஸ் மெஷினில் தாள் மட்டும் நாங்கள் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் காலி செய்கிறார்கள். இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ரொம்ப மலிவு, கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த டப்பா) போடுவது. இன்னொன்று பாட்டிலிலிருந்து மை ஊற்றுகிற மை டேங்க், விலை மூன்று மடங்கு. வேலை ஒன்றுதானே, மலிவானதையே எடுத்துவிடலாமா?

[9:15] அருண்: எடுத்துவிடு. பிரிண்டருக்கெல்லாமா இவ்வளவு யோசனை.

[9:16] மாலதி சித்தி: அவசரப்படாதே கயல். உன் சித்தப்பா வரட்டும். அவர் முப்பது வருஷம் ரிப்பேர் பார்த்தது இந்த மெஷின்களைத்தான்.

[9:31] முத்து சித்தப்பா: வந்துவிட்டேன். விலை அப்புறம். மாதம் எத்தனை பக்கம் அடிப்பாய்?

[9:32] கயல்: சரியாகத் தெரியவில்லை சித்தப்பா. நிறைய.

[9:32] முத்து சித்தப்பா: கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவள் பேசுகிற பேச்சா இது? போன வருஷம் எத்தனை ரீம் வாங்கினாய் என்று பில்லைப் பார்த்துச் சொல். ஒரு ரீமில் 500 தாள்.

[9:33] தீபன்: 😂😂

[10:05] கயல்: 12 ரீம்! எனக்கே ஆச்சரியம். அதில் 11 ரீம் கணக்கு முடிக்கிற மூன்று மாதத்திலேயே போயிருக்கிறது. மற்ற நாளில் ஒன்றிரண்டு பக்கம், சில நாள் அதுவும் இல்லை.

[10:07] முத்து சித்தப்பா: அப்போது சராசரி மாதம் 500 பக்கம். இப்போது ரூபாயை மறந்துவிடு. மலிவு மெஷினின் விலையை 100 என்று வை. அதற்குக் கார்ட்ரிட்ஜ் எவ்வளவு வருகிறது, எத்தனை பக்கம் ஓடும்?

[10:14] கயல்: கார்ட்ரிட்ஜ் 40. பெட்டியில் 200 பக்கம் என்று போட்டிருக்கிறது.

[10:15] கயல்: ஐயோ. மாதம் இரண்டரை கார்ட்ரிட்ஜ். அதுவே 100.

[10:16] முத்து சித்தப்பா: ஆமாம். மாதாமாதம் ஒரு பிரிண்டர் வாங்குவதற்குச் சமம்.

[10:17] கயல்: டேங்க் மெஷின் 300. மை பாட்டில் 12, அது 4,000 பக்கம் ஓடுமாம். இரண்டே மாதத்தில் மலிவு மெஷின் மொத்தச் செலவில் இதை எட்டிப் பிடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது போகிற போக்கைச் சொல்லவே வேண்டாம்.

[10:20] முத்து சித்தப்பா: அந்த 200 பக்கத்தையும் அப்படியே நம்பாதே. ஐஎஸ்ஓ 24711 என்று ஒரு சோதனை முறை. குறிப்பிட்ட ஐந்து பக்கங்களையே திரும்பத் திரும்ப அடித்து மை தீர்கிறவரை எண்ணுவார்கள். நீ இன்று இரண்டு பக்கம், நாளை மறுநாள் மூன்று பக்கம் என்று அடித்தால் நடுவில் ஹெட் கிளீனிங்குக்கே, அதாவது மை தெளிக்கிற முனையைக் கழுவுவதற்கே, கொஞ்சம் மை போய்விடும். பெட்டியோடு வருகிற முதல் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் முழுசாகவும் இருக்காது.

[10:24] தீபன்: அக்கா, டேங்க் வாங்குமுன் என் கதையைக் கேட்டுவிடு. எங்கள் ஆபீசில் இரண்டு மாதம் தொடாமல் விட்டோம். மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற நாசில் செக் பக்கம் அடித்தால் பல் போன சீப்பு மாதிரி கோடு வந்தது. நாலு தடவை கிளீனிங் போட்டோம். டேங்கில் மை மட்டம் கண்ணெதிரே இறங்கியது. கடைசியில் வேஸ்ட் இங்க் பேட் நிறைந்துவிட்டது என்று மெஷினே நின்றுபோனது. அதற்குள் ஒரு பஞ்சு இருக்கிறது, கழுவிவிடுகிற மையெல்லாம் அதில்தான் சேர்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

[10:26] கயல்: எனக்கும் ஒன்பது மாதம் அப்படித்தானே கிடக்கும். லேசர் வாங்கினால்?

[10:31] முத்து சித்தப்பா: கேட்க வேண்டிய கேள்விதான். லேசரில் மைக்குப் பதில் டோனர் என்கிற தூள், அதனால் காயாது. ஃபியூசர் என்கிற சூட்டுப் பகுதி அதைக் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் தாளோடு உருக்கி ஒட்டிவிடும், தண்ணீர் பட்டாலும் கரையாது. ஆனால் டோனர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதே. சில மாடலில் தூளைத் தாளுக்குக் கடத்துகிற டிரம் என்கிற உருளை தனி, அதையும் பக்கக் கணக்கில் சேர். பெட்டியில் வருவது பாதி நிரப்பிய ஸ்டார்ட்டர் டோனரா என்றும் கேள். சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும், கம்ப்யூட்டரின் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டிவிடாதே.

[10:48] கயல்: நான் பார்த்த லேசரில் டோனர், டிரம் எல்லாம் சேர்த்து 500 பக்கத்துக்கு 25 வருகிறது. டேங்க்கில் ஒன்றரை.

[10:50] அருண்: இவ்வளவு கணக்கு எதற்கு? வாடகைக்கு எடுத்துவிடேன்.

[10:55] முத்து சித்தப்பா: அதுவும் பழைய கதைதான் அருண். 1959இல் ஜெராக்ஸ் 914 என்கிற நகல் எடுக்கும் மெஷின் வந்தது. கிட்டத்தட்ட 300 கிலோ எடை. முழு விலைக்கு எந்த ஆபீஸ் வாங்கும்? மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டார்கள். 2,000 பிரதி அதற்குள் அடக்கம், மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் சில சென்ட். மெஷினில் ஒரு மீட்டர். ஜனங்கள் எடுத்துத் தள்ளினார்கள், கம்பெனி கொழித்தது.

[10:56] தீபன்: அப்போது மலிவு பிரிண்டரிலும் மீட்டர் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத மீட்டர்.

[10:57] முத்து சித்தப்பா: அடேய், உனக்கும் புரிந்துவிட்டதே.

[11:02] மாலதி சித்தி: கயல், உன் ஆபீசில் ஒரு பெண் தினமும் வருகிறாளே. திங்கள்கிழமை வந்ததும் கலர் எல்லாம் கலந்த ஒரு பக்கம் அடிக்கச் சொல். மை காயாது. தீபன் செய்யாதது அதைத்தான்.

[11:03] தீபன்: சித்தி 🙏

[11:08] கயல்: அது முடியும். மறக்காமல் செய்வாள், என்னைவிட ஒழுங்கு. சரி, டேங்க்தான். சித்தப்பா, வேறு என்ன கேட்க வேண்டும்?

[11:12] முத்து சித்தப்பா: கறுப்பு, தண்ணீரில் எளிதில் கரையாத பிக்மென்ட் மையா என்று கேள். உன் தாள்களில் கையெழுத்து, முத்திரை எல்லாம் விழும், ஈரக்கை பட்டு எழுத்து பரவக் கூடாது. வேஸ்ட் இங்க் பேட் நீயே மாற்றக்கூடியதா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டியதா என்று கேள். இரண்டு பக்கமும் தானாக அடிக்கிற வசதி இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. டேங்க் வந்தபிறகு உனக்கு மையைவிடத் தாளுக்குத்தான் அதிகம் போகும்.

[11:13] கயல்: 12 ரீம் 6 ஆகுமா?

[11:14] முத்து சித்தப்பா: ஆகாது. ஒற்றைப் பக்கக் கடிதமும் இருக்குமே. 8 என்று வை.

[11:20] அருண்: கயல், நீ வேண்டாம் என்று விட்ட அந்த மலிவு மாடல் எது? எனக்கு மாதம் பத்துப் பக்கம்தான் வரும்.

[11:21] முத்து சித்தப்பா: பத்துப் பக்கத்துக்கு ஒரு பிரிண்டரா? கார்ட்ரிட்ஜ் தீர்வதற்கு முன்னால் காய்ந்துவிடும். அந்தப் பக்கங்களைக் கயலுக்கு அனுப்பு, அவள் அடித்துத் தருவாள்.

[11:22] கயல்: ஞாயிறு ராத்திரிக்குள் அனுப்பிவிடுங்கள் அண்ணா. திங்கள்கிழமை எப்படியும் ஒரு பக்கம் அடித்தாக வேண்டும்.